சான்று தேவைப்படும் பாலம்

ஊஞ்சக்காட்டூரில் திருமணிமுத்தாற்றின் குறுக்கே ஒரு பாலம் நிற்கிறது. நல்ல பாலம்தான். கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு வர்ணம்கூட அடித்திருந்தார்கள். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. பாலத்தின் இரண்டு முனையும் தரையைத் தொடவில்லை. இக்கரையில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, அக்கரையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு பக்கமும் அந்தரத்தில் முடிந்துவிடும். ஏறுவதற்கு ரோடு போடவில்லை.

அடிக்கல் நாட்டித் தூண் எழுப்பியது ஓர் ஆட்சி. மேல்தளம் போட்டது அடுத்த ஆட்சி. இரண்டு ஆட்சியும் தனித்தனியாகத் திறப்பு விழா நடத்தின. முதல் விழாவின்போது தூண்கள் மட்டுமே இருந்ததால் ரிப்பனைத் தூணுக்குத் தூண் கட்டி, ஆற்றுக்குள் நின்றபடி வெட்டினார்கள். இரண்டாவது விழாவுக்கு ஏணி வைத்து மேலே ஏறி வெட்டினார்கள். மறுநாள் பந்தல்காரர் தன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு பாலத்துக்கும் ஊருக்கும் இருந்த போக்குவரத்து நின்றுபோனது.

பாலத்தின் இக்கரை முனைக்கு நேர் கீழே இருந்தது குணசீலனின் கோழிப்பண்ணை. முட்டைக் கோழிப் பண்ணை. குணசீலன் சண்டை சச்சரவுக்குப் போகிறவர் அல்ல. பண்ணை உண்டு, மனைவி தனப்பிரியா உண்டு, கோழிக்குத் தீவனம் அரைக்கும் மிஷின் உண்டு என்று இருந்தவர். பாலத்தைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருக்கவில்லை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த நிழல் என்று நினைத்துக்கொண்டு அதன் கீழே இரண்டு எருமைகளைக் கட்டியிருந்தார். அக்கரைக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோடு வழியாகச் சுற்றி முக்கால் மணி நேரம். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம்.

தொந்தரவு லாரியில் வந்தது.

ஒரு நாள் காலையில், வாழப்பாடியிலிருந்து மக்காச்சோளம் ஏற்றிய ஒரு லாரி பண்ணைத் தடத்தில் நுழைந்து, எருமைகளுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, அண்ணாந்து பாலத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடியும் பாலத்தைப் பார்த்தார். எங்கே போக வேண்டும் என்று குணசீலன் கேட்டதற்கு, நேராகப் போகச் சொல்கிறது என்றார். நேராக என்பது அந்த இடத்தில் மேலேதான் இருந்தது. லாரியைத் திருப்ப இடமில்லை. பின்னால் எடுத்தபோது டயர் வாய்க்காலில் இறங்கிவிட்டது. குணசீலன் டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்துவிட்டு, டீ கொடுத்து அனுப்பினார்.

அடுத்த நாள் தம்மம்பட்டி லாரி. அதற்கடுத்து நூல் மூட்டை ஏற்றிய ஒரு டெம்போ. அப்புறம் ஒரு கல்யாண வேன். அதில் பொண்ணு வீட்டார் பட்டுப்புடவையோடு இறங்கி, பாலத்தின் கீழே நின்று ஆளாளுக்குப் போனில் கத்தினார்கள். டிராக்டருக்கு டீசல் ஊற்றி மாளவில்லை. எருமைகள் ஹாரன் சத்தத்தில் பாலைக் குறைத்துக்கொண்டன. கோழிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முட்டைக் கோழிக்கு மனசு அமைதியாக இருக்க வேண்டும்.

தனப்பிரியா பி.காம். படித்தவர், பண்ணையின் கணக்கு வழக்கெல்லாம் அவர்தான். ஒரு மத்தியானம் லாரிக்காரர்களுக்கு வழி காட்டும் அந்த வரைபடத்தைப் போனில் திறந்து பாலத்தின்மேல் விரலை வைத்தார். 'திறக்கப்பட்டு, பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'தகவல்: பொதுக்களஞ்சியம்' என்று போட்டிருந்தது.

பொதுக்களஞ்சியம் என்பது இணையத்தில் உள்ள ஒரு கலைக்களஞ்சியம். உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அதில் கட்டுரை இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள். குணசீலனுக்கு அதைக் கேட்டு மனசு லேசானது. இவ்வளவுதானே, நாமே ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்.

'ஊஞ்சக்காட்டூர்ப் பாலம்' என்ற கட்டுரையைத் திறந்தால் அது ஆற்றைவிட நீளமாக இருந்தது. குணசீலனுக்குத் தெரிந்து அந்த ஊரில் யாரும் அந்தப் பாலத்தைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. இங்கே பாலத்தின் முன்வரலாறு, பாலத்தின் அரசியல் பின்புலம், பாலத்தின் தாக்கம், பாலம் குறித்த விமர்சனங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேர் அதை வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் பெயரை 'நடுநிலையாளன்' என்று வைத்திருந்தார். தூண் எழுப்பிய கட்சிக்காரர். இன்னொருவர் பெயர் 'உள்ளதைச்சொல்வேன்'. மேல்தளம் போட்ட கட்சிக்காரர். காலையில் நடுநிலையாளன், பாலத்தைக் கட்டியது தன் கட்சியின் ஆட்சிதான் என்று மாற்றுவார். மத்தியானம் உள்ளதைச்சொல்வேன் அதை அழித்துத் தன் கட்சியின் ஆட்சிதான் என்று போடுவார். தூண் இல்லாமல் தளம் ஏது என்பது ஒருவர் வாதம். தளம் இல்லாவிட்டால் அதைப் பாலம் என்று யார் சொல்வார்கள் என்பது மற்றவர் வாதம். கட்டுரையில் போட வேண்டிய படத்தில் எந்த அமைச்சர் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் தனியாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். பாலம் பயன்பாட்டில் உள்ளது. ஏனென்றால் பயன்படாத பாலத்தைக் கட்டியதாக யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

குணசீலன் தன் பெயரையே பெயராகப் பதிந்துகொண்டு, கட்டுரையின் கடைசியில் எழுதினார்: 'இந்தப் பாலத்தில் ஏற முடியாது. இரண்டு பக்கமும் ரோடு இல்லை. தயவுசெய்து யாரும் வர வேண்டாம்.'

எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால் அந்த வரியைக் காணோம். அதற்குப் பதில் அவருடைய பக்கத்தில் ஒரு கடிதம் கிடந்தது. எழுதியவர் முருகானந்தம், களஞ்சியத்தின் பெருநிர்வாகி, சேலத்துக்காரர். கட்டுரைகளைப் பூட்டவும் ஆட்களைத் தடுக்கவும் அதிகாரம் உள்ளவர்.

'வணக்கம் குணசீலன் அவர்களே. தங்கள் மேலான பங்களிப்புக்கு நன்றி. அது நீக்கப்பட்டது. சான்று தேவை.'

சான்று என்றால் என்ன என்று குணசீலன் கேட்டு எழுதினார். தான் தினமும் பார்ப்பதாகவும், இந்த நிமிஷம்கூடப் பார்த்துக்கொண்டுதான் எழுதுவதாகவும் சொன்னார். அதற்குப் பெயர் சொந்த ஆய்வு என்றும், களஞ்சியத்தில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்றும் பதில் வந்தது. சரி என்று பாலத்தின் முனைக்குக் கீழே போய் நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டியபடி ஒரு படம் எடுத்துப் போட்டார். படத்தில் இருப்பது அந்தப் பாலம்தான் என்பதற்கும், நிற்பவர் குணசீலன்தான் என்பதற்கும், அவர் நிற்பது தரையில்தான் என்பதற்கும் மூன்றாம் தரப்புச் சான்று இல்லையென்று அதையும் நீக்கினார்கள். கூடவே, பாலத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு நிலம் இருப்பதாகத் தெரியவருவதால் இது நலன் முரண் என்று ஓர் எச்சரிக்கையும் வைத்தார்கள். பாலத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் பாலத்தோடு எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. அந்த வகையில் மிகவும் தகுதியானவர் மெல்போர்னில் இருக்கும் ஒரு பயனர்தான் என்று முருகானந்தம் பாராட்டி எழுதியிருந்தார். பாலத்தின் நீள அகலத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இது நடந்த வாரத்திலேயே நடுநிலையாளன், குணசீலன் எதிர்க்கட்சியின் கூலி என்று எழுதினார். உள்ளதைச்சொல்வேனும் அதையே எழுதினார், அவருக்கு எதிர்க்கட்சி வேறு. ஓட்டுப் போடும் அன்று ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அரசியலில் இருக்கும் குணசீலன், இப்படி ஒரே நேரத்தில் இரண்டு கட்சிக்கும் கைக்கூலி ஆனார்.

தனப்பிரியாதான் யோசனை சொன்னார். பத்திரிகையில் வந்தால் சான்றாக எடுத்துக்கொள்வார்கள் என்று களஞ்சியத்தின் விதியிலேயே இருந்தது. ஆகவே உள்ளூர் நிருபர் சரவணமுத்துவைக் கூப்பிட்டார்கள். நிருபர் பைக்கில் மெயின் ரோடு வரைக்கும் வந்து, அங்கிருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு குணசீலனை வரச் சொன்னார். பாலத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, எல்லாம் களஞ்சியத்திலேயே இருக்கிறதே என்று போனைக் காட்டினார். மறுநாள் செய்தி வந்தது: 'பொதுமக்களின் நீண்டநாள் கனவான ஊஞ்சக்காட்டூர்ப் பாலம் திறக்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ள நிலையில், அதில் ஏற முடியவில்லை என விவசாயி ஒருவர் புகார் தெரிவித்துள்ளார்.'

அன்று மாலையே களஞ்சியத்தில் அந்தச் செய்தி ஏறிவிட்டது. பாலம் பயன்பாட்டில் உள்ளது என்ற வரிக்குப் பக்கத்தில், சான்றாக.

மாவட்டத் தலைநகரில் திங்கட்கிழமை மனு வாங்கும் அலுவலகத்துக்கும் குணசீலன் போய் வந்தார். சாய்தளம் போட்டுத் தர வேண்டும் என்று மனு. அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, பாலம் முடிந்துவிட்டதாகவும் பயன்பாட்டில் இருப்பதாகவும் சொன்னார். முடிந்த பாலத்துக்கு மறுபடியும் நிதி கேட்டால் தணிக்கையில் தன்னைத்தான் கேட்பார்கள் என்று வருத்தப்பட்டார். நம்பிக்கை இல்லையென்றால் பாருங்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பொதுக்களஞ்சியம். நடுநிலையாளன் அன்று காலையில்தான் படத்தை மாற்றியிருந்தார்.

இந்த மட்டோடு போயிருந்தால் குணசீலன் டிராக்டரையும் டீசலையும் தன் விதி என்று விட்டிருப்பார். ஆனால் மாரிக்கு வலி வந்தது.

மாரி பண்ணையில் முட்டை எடுக்கும் பெண். அவள் புருஷன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான். பிரசவத்துக்கு நாள் இருக்கிறது என்று நம்பி ஷெட்டில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவள், பகல் பதினொரு மணிவாக்கில் தீவனத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தனப்பிரியா ஆம்புலன்ஸுக்கு அடித்தார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. ஊருக்குப் புதிய டிரைவர். போன் காட்டிய குறுக்கு வழியில், பாலம் இருக்கிறதென்று நம்பி, சைரனைப் போட்டுக்கொண்டு அக்கரைக்கு வந்து நின்றார்.

இக்கரையில் மாரி. அக்கரையில் ஆம்புலன்ஸ். நடுவில், தலைக்கு மேலே, இரண்டு ஆட்சிகளின் சாதனை.

சுற்றிக்கொண்டு வந்தால் முக்கால் மணி நேரம். மாரி பல்லைக் கடித்துக்கொண்டு, "நேரமில்லீங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அக்கரைத் தோட்டத்துக்காரர் சடையன் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆற்றில் இறங்கினார். குணசீலன் கயிற்றுக் கட்டிலை எடுத்துவந்தார். கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு ஆண்களும் முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்துக்கொண்டு, தனப்பிரியா பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள, தொடையளவுத் தண்ணீரில் பாலத்தின் அடியிலேயே கடந்தார்கள். வழுக்குப்பாறையில் குணசீலனின் கால் ஒரு தரம் சறுக்கியது. கட்டில் சாய்ந்தது. மாரி கத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகம் அப்புறம் பல நாட்களுக்கு அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. இரண்டு உயிரும் நன்றாக இருந்தன. இலக்கியா என்று பெயர் வைத்தார்கள்.

அன்று சாயங்காலம், ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் குணசீலன் உட்கார்ந்து, நடந்ததை அப்படியே களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்தில் எழுதினார். பாலம் பயன்பாட்டில் உள்ளது என்ற ஒரு வரியை எடுத்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்கவில்லை, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று முடித்திருந்தார்.

முருகானந்தத்தின் பதில் மறுநாள் வந்தது. 'தங்கள் பதிவு உணர்ச்சிவசப்பட்ட நடையில் உள்ளது, கலைக்களஞ்சிய நடையில் இல்லை. மேலும் மாரி என்பவர் குறிப்பிடத்தக்க நபர் அல்லர். அவருக்கு நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கதாகாது. எனினும் கட்டுரை தொடர்பான பூசல் நீண்டுவிட்டதால் இணக்கக் குழு நேரில் வந்து இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கும்.'

நேரில் வருகிறார்கள் என்றதும் குணசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்தால் பார்ப்பார்கள், பார்த்தால் தெரியும். தனப்பிரியா முட்டைக் குழம்பு வைத்தார். வேப்பமரத்தடியைக் கூட்டி, நாற்காலிகளைப் பாலத்தைப் பார்த்தபடி போட்டுவைத்தார்.

குழு சேலத்திலிருந்து காரில் புறப்பட்டது. போனை வைத்துக்கொண்டு வந்ததால் அக்கரைக்கு வந்து சேர்ந்தது. வரச் சொன்னது இக்கரைக்கு. சடையன் காட்டிய வழியில் மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, ஆற்றில் இறங்கி நடந்து வந்தார்கள். முன்னால் வந்த பெரியவர் முருகானந்தம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்தார். பின்னால் ஒரே குடையின் கீழ், தண்ணீரில் விழாமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் இனியன், இன்னொருவர் குருமூர்த்தி. இனியன்தான் நடுநிலையாளன், குருமூர்த்திதான் உள்ளதைச்சொல்வேன் என்று தெரிந்தபோது குணசீலனுக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. களஞ்சியத்தில் ஒருவர் குலத்தை ஒருவர் வேரோடு அறுத்துக்கொண்டிருந்த மனிதர்கள், ஆறு தாண்டியதும் ஒரே துண்டில் கால் துடைத்துக்கொண்டார்கள்.

முருகானந்தம் நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அதைத் திருப்பிப் போடச் சொன்னார். பாலத்துக்கு முதுகு காட்டி.

"ஏனுங்க, வெயிலடிக்குதுங்களா?" என்று கேட்டார் குணசீலன்.

வெயில் அல்ல என்று முருகானந்தம் பொறுமையாக விளக்கினார். பாலத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் அது தன்னுடைய சொந்த ஆய்வாகிவிடும். அப்புறம் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்குப் போய்விடும். வரும்போதுகூட ஆற்றில் தலையைக் குனிந்தபடிதான் வந்தேன் என்றார். நாற்காலிகள் திருப்பப்பட்டன. பாலத்தின் நிழல் மட்டும் அவர்கள் காலடியில் விழுந்திருந்தது. அதைப் பார்ப்பதற்கு விதியில் தடை ஏதும் இருக்கவில்லை போலிருக்கிறது.

முருகானந்தம் எழுந்து நின்று பேசினார். கேட்பதற்கு மூன்று பேர் இருந்தாலும் முந்நூறு பேருக்குப் பேசுகிற குரல்.

"நண்பர்களே, நம்மைச் சிலர் உண்மையைத் தேடுகிறவர்கள் என்று தவறாக நினைக்கிறார்கள். உண்மையை யார் வேண்டுமானாலும் தேடலாம். அது தெருவில் கிடக்கிறது. நாம் தேடுவது சான்று. உண்மை ஆளுக்கு ஆள் மாறும். ஆற்றில் தண்ணீர் வந்தால் மாறும். அடிக்குறிப்பு மாறாது. இந்தப் பாலம் நாளைக்கே இடிந்து விழலாம். கட்டுரை விழாது. அதற்கு நான் பொறுப்பு."

இனியனும் குருமூர்த்தியும் கை தட்டினார்கள். குணசீலனும் மரியாதைக்காகத் தட்டினார். பிறகு, நீங்கள் வந்த வழியையே யோசித்துப் பாருங்கள், பாலம் இருந்திருந்தால் பேண்ட்டைச் சுருட்டியிருப்பீர்களா என்று கேட்டார். பேண்ட் சுருட்டப்பட்டதற்குப் பத்திரிகைச் சான்று எதுவும் இல்லை என்றார் முருகானந்தம். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் குணசீலனுக்கு மிகவும் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் இனியனும் குருமூர்த்தியும் தங்கள் வாதத்தைத் தொடங்கினார்கள். தூணா தளமா என்று பத்துப் பதினைந்து வருஷத்துக் கதை. குணசீலன் இடையில் ஒருமுறை, யார் கட்டியிருந்தாலும் சரி, ஏற முடியவில்லை என்பதுதான் விஷயம் என்று சொல்லிப் பார்த்தார்.

குருமூர்த்தி அவரைப் பரிவோடு பார்த்தார். "பாலத்துல ஏற முடியுதா இல்லையாங்கறது நிர்வாகப் பிரச்சினைங்க. யார் கட்டுனதுங்கறதுதான் வரலாறு. வரலாற்றுல போய் நிர்வாகத்தைக் கலக்கக் கூடாதுங்க."

இனியன், இந்த ஒரு விஷயத்தில் குருமூர்த்தி சொல்வதை ஏற்பதாகச் சொன்னார்.

தனப்பிரியா டீ கொண்டுவந்தார். காலையிலிருந்து இந்தப் பேச்சைச் சமையல்கட்டிலிருந்து கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. டம்ளரை நீட்டிக்கொண்டே, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "எல்லாஞ்சரி. ஏறறதுக்கு ரோடு போடாம உட்டதும் ஏதாச்சுமொரு கட்சிதானுங்களே? அதையும் சேத்து எழுதிப்போட்டீங்கன்னா எங்களுக்கு ஒபகாரமா இருக்கும்" என்றார்.

இரண்டு டம்ளர்களும் பாதி வழியில் நின்றன.

இனியன் மெல்லச் சொன்னார், மேல்தளம் போட்டவர்களுக்கு ரோடு போடத் தெரியாதா என்று. குருமூர்த்தி, தூண் எழுப்பும்போதே நிலத்தை எடுக்காமல் விட்டது யார் என்றார். ஏற முடியாத பாலத்தை ஏணி வைத்துத் திறந்தது யார் என்று இவர். ஆற்றுக்குள் நின்று தூணைத் திறந்தது யார் என்று அவர். இரண்டு பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை வருஷம் கையிலிருந்த ஆயுதத்தைப் பார்க்காமல் விட்டிருந்தவர்களின் வெளிச்சம் அது. டீயை அப்படியே வைத்துவிட்டு இருவரும் போனை எடுத்தார்கள்.

பாலத்தில் ஏற முடியாது என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து ஒத்துப்போவதைக் கவனித்த முருகானந்தம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். களஞ்சியத்தின் வரலாற்றில் இப்படி ஒரு கருத்திணக்கத்தைத் தான் கண்டதில்லை என்றார். முட்டைக் குழம்பை எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். திரும்பும்போது மறுபடியும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். நடு ஆற்றில் ஒரு மைனா கத்தியதால் முருகானந்தம் தன்னையறியாமல் நிமிர்ந்துவிட்டார். பாலத்தைப் பார்த்துவிட்ட குற்றத்துக்காக உடனே தலையைக் குனிந்துகொண்டதைச் சடையன் கரையிலிருந்து பார்த்தார்.

பொழுது சாய்வதற்குள் கட்டுரை உருமாறிவிட்டது. 'ஏற முடியாமை' என்று ஒரு புதிய பகுதி. அதற்குள் ஏற முடியாமையின் வரலாறு, ஏற முடியாமைக்குக் காரணமானவர்கள், ஏற முடியாமையின் சமூக விளைவுகள். நிருபர் சரவணமுத்து டீக்கடையில் உட்கார்ந்து, களஞ்சியத்தைப் பார்த்து, 'ஏற முடியாத பாலம்: பொதுமக்கள் கொதிப்பு' என்று எழுதினார். அது சான்றாகப் போய்ச் சேர்ந்தது. ஏற முடியாமல் போனது யாரால் என்பதில் அடிதடி முற்றியதும், முருகானந்தம் கட்டுரையை நிரந்தரமாகப் பூட்டினார். முதல் வரி இப்படி நின்றது: 'ஊஞ்சக்காட்டூர்ப் பாலம் என்பது ஏற முடியாத ஒரு பாலமாகும்.'

வரைபடத்தில் பாலம் அழிந்தது. லாரிகள் நின்றன. எருமைகள் பழையபடி கறந்தன. குணசீலன் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் பாலத்தின் கீழே போகும்போதெல்லாம் மாரி கண்ணை மூடிக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது. ஆம்புலன்ஸ் இனி சரியான வழியில் வரும், முக்கால் மணி நேரம் கழித்து வரும். அதில் என்ன பெருமை என்று தோன்றியது.

ஒரு நாள் ஆற்றைத் தாண்டிப் போய்ச் சடையனிடம் பேசினார். தன் பக்கத்தில் பண்ணைத் தடத்தை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை விட்டுவிடுவதாகவும், அவர் பக்கத்தில் அவரும் விட்டால் மண்ணைக் கொட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சடையன் கொஞ்ச நேரம் தன் மரவள்ளிக் காட்டைப் பார்த்தார். "எடுத்துக்கங்க. அந்தப் புள்ளைய நானுந்தானே தூக்குனேன்" என்றார். ஊருக்குள் ஜேசிபி வைத்திருந்தவர் ஜேசிபி விட்டார், டிப்பர் வைத்திருந்தவர் டிப்பர் விட்டார். கரட்டுக் குன்றிலிருந்து கிராவல் மண் வந்து இரண்டு பக்கமும் விழுந்தது. மழை வருவதற்குள் உருளை ஓட்டி இறுக்கிவிட்டார்கள். பாலம் தரைக்கு வந்தது.

முதலில் மாரி நடந்தாள், இலக்கியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. நடுவில் ஒரு தரம் நின்று கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே ஆற்றைப் பார்த்தாள். பிறகு அக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அவளுக்கு அக்கரையில் வேலை எதுவும் இருக்கவில்லை. எதிரே நின்றிருந்த குணசீலன், கண்ணில் மண் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மனு அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுடைய பழைய கோப்பின்படி அது முன்பிருந்தே பயன்பாட்டில் உள்ள பாலம், ஆகவே புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. களஞ்சியத்துக்கு மட்டும் குணசீலன் ஒழுங்காகத் தகவல் சொன்னார். ஏற முடியாது என்று நான் எழுதச் சொன்னது அப்போது சரி, இப்போது ஏற முடியும், மாற்றிவிடுங்கள் என்று எழுதினார். முருகானந்தம் ஒரே கடிதத்தில் இரண்டு விஷயங்களைத் தெரிவித்தார். கருத்திணக்கத்துக்கு உழைத்ததற்காக அவருக்குக் களஞ்சியத்தின் பொன் நட்சத்திரம் வழங்கப்படுகிறது. சாய்தளம் அவர் நிலத்திலேயே அமைந்திருப்பதாகத் தெரியவருவதால், நலன் முரண் முற்றி, அவர் நிரந்தரமாகத் தடைசெய்யப்படுகிறார்.

ஊர்க்காரர்கள் வாயால் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் டிரைவரை நேரில் கூட்டிவந்து ஓட்டிக் காட்டினார்கள். தீவன லாரிக்காரர்களிடம், போனை அணைத்துவிட்டு வரச் சொன்னார்கள். பள்ளிக்கூட வேன் வந்தது. மரவள்ளிக்கிழங்கு டிராக்டர் போனது. உலகத்தைப் பொறுத்தவரை அந்த இடத்தில் ஏறக்கூடிய பாலம் எதுவும் இல்லை.

தேர்தல் வந்தது. இரண்டு கட்சி வேட்பாளர்களும் திறந்த ஜீப்பில் போனைப் பார்த்தபடி பிரசாரத்துக்கு வந்தார்கள். வழி இல்லை என்று காட்டியதால் மெயின் ரோட்டோடு அப்படியே போய்விட்டார்கள். காற்றில் ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் வந்து, தேய்ந்து, நின்றது. வண்டியில் முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தனப்பிரியா கேட்டார், "ஏனுங்க, என்ற பேர்ல ஒருக்கா எழுதிப் பாக்கட்டுங்களா? பாலம் நல்லாருக்குதுன்னு?"

குணசீலன் சத்தம் போன திசையைப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"வேண்டாம் அம்மிணி. இருக்குதுன்னு தெரிஞ்சா தொறந்து வெக்க வந்துருவாங்க."

வண்டியைக் கிளப்பிப் பாலத்தின்மேல் விட்டார்.